“உங்கள் பத்திரிகை ஒருதலைப்பட்சமானது”: அரசியல் செய்திகள் மீதான புகார்களைக் கையாள்வது எப்படி?

செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்பவரின் மேசைக்கு அரசியல் புகார்கள் சீக்கிரமே வந்துசேரும். மூத்தவர்கள் அவற்றைத் தொட விரும்புவதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். ஓர் ஊரின் பெயர் தவறாக அச்சாகிவிட்டால் பார்த்துத் திருத்திவிடலாம். “எங்கள் கட்சியை நீங்கள் எப்போதுமே மட்டம்தட்டித்தான் எழுதுகிறீர்கள்” என்ற கடிதத்துக்கு எதைப் பார்த்து எதைத் திருத்துவது?

அந்தக் கடிதத்துக்கு, வந்த வடிவத்திலேயே பதில் சொல்ல முடியாது. “நாங்கள் நடுநிலை தவறுவதில்லை” என்று திருப்பி எழுதினால் அது பதில் ஆகாது, வாய்ச்சண்டைதான் ஆகும். பொத்தாம்பொதுவான மனக்குறையைச் சரிபார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றுவதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. சரிபார்த்ததில் தெரியவந்ததை மழுப்பாமல் எழுதுவது மீதிக் கால் பங்கு.

யார் விசாரிப்பது?

செய்தியை எழுதிய நிருபர், தலைப்பு வைத்த துணை ஆசிரியர், பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆகிய மூவரும் விசாரிக்கக் கூடாது. அவர்களிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். முடிவை மட்டும் வேறொருவர்தான் எடுக்க வேண்டும்.

இந்த எண்ணம் புதியதல்ல. வாசகர் புகார்களைப் பரிசீலிக்க ஜப்பானின் அசாஹி ஷிம்புன் நாளிதழ் 1922லேயே ஒரு குழுவை அமைத்தது. அமெரிக்காவில் லூயிவில் நகரின் கூரியர்-ஜர்னல் 1967இல் தனியாக ஒரு குறைதீர்ப்பாளரை நியமித்தது. பிரிட்டனின் கார்டியன் 1997இலும், இந்தியாவில் தி இந்து 2006இலும் அந்த வழியில் வந்தன. எதிர்த்திசையிலும் நகர்வு உண்டு. 2003இல் இந்தப் பதவியை உருவாக்கிய நியூயார்க் டைம்ஸ் 2017இல் அதை நீக்கிவிட்டது. சமூக ஊடகங்களில் வாசகர்களே கண்காணிக்கிறார்களே என்று அப்போது ஒரு வாதம் சொல்லப்பட்டது. எனக்கு அது ஒப்பவில்லை. கூச்சல் போடுபவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், நிருபரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை அவர்களில் ஒருவருக்கும் கிடையாது.

தனி ஆள் வைக்க எல்லாப் பத்திரிகைக்கும் வசதி இருக்காது. குறைந்தபட்சம், அரசியல் பக்கங்களோடு தொடர்பில்லாத பிரிவின் மூத்தவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். விசாரிப்பவருக்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ சம்பந்தப்பட்ட கட்சியில் பொறுப்போ, தீராத பகையோ இருந்தால், அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லது.

வந்த அன்றே பதிவு

புகார் எந்த வழியில் வந்தாலும் பதிவேட்டில் ஏறட்டும்: வந்த தேதி, செய்தி வெளியான தேதி, பதிப்பு, பக்கம், புகாரின் சாரம், யாரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொலைபேசியில் வந்தால் நீங்கள் எழுதிக்கொண்டதை அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கோபத்தில் பேசுபவர், தான் சொன்னதை அடுத்தவர் குரலில் கேட்கும்போது பாதியைத் தானே திருத்திக்கொள்வதுண்டு.

அன்றே ஒரு சிறு கடிதமும் போக வேண்டும். ‘உங்கள் புகார் கிடைத்தது, இன்ன தேதிக்குள் பதில் அனுப்புகிறோம்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ‘தவறு நடந்திருக்க வாய்ப்பில்லை’ என்றோ ‘மன்னிக்கவும்’ என்றோ அதில் எழுதக் கூடாது. எதையும் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

எந்த வரி, எந்தப் படம், எந்தத் தலைப்பு என்று குறிப்பிடவில்லையென்றால் கேளுங்கள். சிலரால் சுட்டிக்காட்ட முடியாது. அதற்காகப் புகாரைத் தள்ளிவிடாதீர்கள். செய்தியைப் படித்ததும் உறுத்திய இடம் எதுவென்று பிரித்துச் சொல்வது பழகிய துணை ஆசிரியருக்கே கஷ்டம்.

இரண்டு வகைப் புகார்களை இந்தக் கட்டத்திலேயே பிரித்துவிட வேண்டும். வழக்கறிஞர் நோட்டீஸ், அவதூறு, நஷ்டஈடு என்ற பேச்சு வந்தால் அது நேராக ஆசிரியருக்கும் சட்ட ஆலோசகருக்கும் போக வேண்டும். நீங்கள் மரியாதைக்குக்கூட ஒரு வரி எழுதாதீர்கள். குறிப்புகளையோ வரைவுகளையோ அழிக்கவும் கூடாது. அடுத்தது, தலையங்கம், பத்திக் கட்டுரை, கருத்துப்படம் மீதான புகார். கருத்து எழுதுபவர் ஒரு பக்கம் சாயலாம், அது அவர் வேலை. பிரிட்டன் பத்திரிகைகளின் ஆசிரியர் நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது: ஒரு தரப்பை ஆதரித்து எழுதப் பத்திரிகைக்கு உரிமை உண்டு, ஆனால் கருத்து, ஊகம், உண்மைத் தகவல் மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஆகவே கருத்துக் கட்டுரையில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். அதிலுள்ள தகவல்கள் சரியா? அது கருத்து என்று வாசகருக்குத் தெரியும்படி அச்சாகியிருக்கிறதா?

கோபத்தைக் கேள்வியாக்குதல்

ஒரு கடிதம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “செவ்வாய்க்கிழமை வெளியான எங்கள் ஆர்ப்பாட்டச் செய்தியில் வேண்டுமென்றே எங்களைக் கேவலப்படுத்தியிருக்கிறீர்கள். அவர்கள் கூட்டத்துக்கு முதல் பக்கம், எங்களுக்கு ஏழாம் பக்கமா? எவ்வளவு வாங்கினீர்கள்?”

வரி வரியாகப் பிரியுங்கள். ‘வேண்டுமென்றே’ என்பது எண்ணம் பற்றிய குற்றச்சாட்டு. எழுதியவர் மனதைத் திறந்து பார்க்க வழியில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. நல்லெண்ணத்தோடு எழுதிய செய்தியும் ஒருதலைப்பட்சமாக இருக்கலாம். அதை ஒதுக்கி வையுங்கள். ‘கேவலப்படுத்தியிருக்கிறீர்கள்’ என்பதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது: எந்தச் சொல், எந்தப் படம்? ‘முதல் பக்கம், ஏழாம் பக்கம்’ என்பது அப்படியே சரிபார்க்கத் தக்கது. ‘எவ்வளவு வாங்கினீர்கள்’ என்பதற்கு ரோஷப்பட வேண்டாம். ஏதாவது ஆதாரம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் அது ஆசிரியரின் மேசைக்குத் தனியாகப் போக வேண்டிய விஷயம், வராவிட்டால் அத்துடன் விடுங்கள்.

இப்போது கையில் இருப்பது வசைக் கடிதமல்ல. செய்தியின் சொற்களும் படமும் நிகழ்வுக்குப் பொருந்துகின்றனவா, கட்சியின் தரப்பு இடம்பெற்றதா, இரண்டு நிகழ்வுகளையும் வெவ்வேறு பக்கங்களில் வைத்ததற்குக் காரணம் என்ன என்ற மூன்று கேள்விகள். கடிதம் எழுதியவருக்கு இந்த மூன்றையும் அனுப்பி ‘இவற்றைத்தான் பார்க்கப்போகிறோம், சரிதானா?’ என்று கேட்டுவிட்டால், பின்னால் ‘நான் கேட்டது அதுவல்ல’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

எதை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பது?

அச்சான எல்லாப் பதிப்புகளின் பக்கங்கள், இணையத்தில் முதலில் ஏறிய வடிவமும் பிறகு மாறிய வடிவமும், நிருபர் அனுப்பிய மூலப் பிரதி, அவருடைய குறிப்பேடு, ஒலிப்பதிவு, செய்தி நிறுவனத்திலிருந்து எடுத்திருந்தால் அதன் மூலம், கட்சி அனுப்பிய அறிக்கை, அன்று எடுக்கப்பட்ட எல்லாப் படங்கள். மூலப் பிரதியையும் அச்சான செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல புகார்களின் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஏனென்றால் செய்தி எழுதும் முறையிலேயே ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. முக்கியமானது முதலில், மற்றவை கீழே என்று எழுதுகிறோம். குற்றச்சாட்டு முதல் பத்தியில் வரும். மறுப்பு கடைசிப் பத்தியில் வரும். இரவு பத்து மணிக்கு ஒரு விளம்பரம் வந்து இடம் சுருங்கினால் துணை ஆசிரியர் கீழேயிருந்துதான் வெட்டுவார். நிருபர் இரு தரப்பையும் ஒழுங்காகத்தான் கேட்டிருப்பார், வெட்டியவருக்கும் எந்தக் கட்சி மீதும் காழ்ப்பு இருந்திருக்காது. ஆனால் காலையில் வாசகர் கையில் இருப்பது மறுப்பு இல்லாத குற்றச்சாட்டு. ‘மறுப்பு மூன்றாம் பத்திக்குக் கீழே போகக் கூடாது’ என்று ஒரு விதி வைத்தாலே பதிவேட்டின் கனம் குறையும்.

நிருபரிடம் கேட்கும் விதமும் முக்கியம். “ஏன் இப்படி எழுதினீர்கள்?” என்றால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். “கூட்டத்தைக் கலைக்க முயன்றபோது கல் வீசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை யார் சொன்னது?” என்றால் பதில் வரும். பெயர் வெளியிட விரும்பாத தகவலாளர் பற்றிச் சொன்னால் அது உங்களோடு நிற்க வேண்டும். புகார்தாரருக்கு எழுதும் பதிலில் அவரைப் பற்றிய சாடைகூடத் தெரியக் கூடாது.

சொற்கள்

பக்கச்சார்பு பெரும்பாலும் பொய்யில் இருப்பதில்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ என்பவை யார் மேலும் சாயாதவை. ‘சுட்டிக்காட்டினார்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாமே சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் ஏதோ குற்றம் செய்தவர். ‘சமாளித்தார்’, ‘மழுப்பினார்’, ‘புலம்பினார்’, ‘திணறினார்’ என்பவை செய்தியல்ல, செய்தி வேடத்தில் வந்த விமர்சனம். ஒரே மேடைப் பேச்சுக் குரலுக்கு ஒரு தலைவர் ‘முழங்கினார்’ என்றும் இன்னொருவர் ‘கத்தினார்’ என்றும் எழுதியிருந்தால் புகார்தாரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெயர்ச்சொற்களையும் அதே கண்ணோடு பாருங்கள். ஒரு கட்சிக்குத் ‘தொண்டர்கள்’, மற்றதற்குக் ‘கும்பல்’. ஒருவர் கூட்டத்துக்கு மக்கள் ‘திரண்டனர்’, மற்றவர் கூட்டத்துக்கு ‘அழைத்துவரப்பட்டனர்’. அழைத்துவரப்பட்டதை நிருபர் நேரில் பார்த்திருந்தால் தாராளமாக எழுதலாம், ஆனால் மற்றக் கட்சியின் கூட்டத்திலும் அதைக் கவனித்தாரா என்று கேட்க வேண்டும். ‘தடியடி நடந்தது’, ‘கல்வீச்சு ஏற்பட்டது’ போன்ற வாக்கியங்களில் செய்தவர் யார் என்பது காணாமல் போகிறது. யாருக்குச் சாதகமாகக் காணாமல் போகிறது என்று பாருங்கள். பிறகு மரியாதை விகுதி. தலைவர் ‘வந்தார்’, கைதான தொண்டன் ‘வந்தான்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. எந்தக் கட்சியின் தொண்டருக்கு ‘ர்’ விழுகிறது, எவருக்கு ‘ன்’ விழுகிறது என்பதை ஒருமுறை தேடிப் பார்த்தால் சங்கடமான விஷயங்கள் தெரியவரும். ஒருவருக்கு அவர் கட்சி சூட்டிய அடைமொழி, இன்னொருவருக்கு வெறும் பெயர் என்பதும் இதே கதைதான்.

தலைப்பில் நடக்கும் தவறு பெரும்பாலும் இடநெருக்கடியால் வருவது. ‘கட்டுமானப் பணியில் முறைகேடு: எதிர்க்கட்சி புகார்’ என்பதில் கடைசி இரண்டு சொற்கள் விழுந்துவிட்டால், புகார் உண்மையாகிவிடுகிறது. உள்ளே செய்தி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கு நீங்கள் கொடுத்தது அதுதான். தலைப்பு மீதான புகாருக்கு ‘செய்தியை முழுதாகப் படியுங்கள்’ என்று பதில் எழுதுவது தப்பித்தல்.

சந்தேகம் வரும் வாக்கியத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கட்சியின் பெயரை எடுத்துவிட்டு அதன் எதிர்க்கட்சியின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் இதே சொல்லை அச்சிட்டிருப்போமா? தயக்கம் வந்தால் சொல்லை மாற்ற வேண்டியிருக்கிறது.

படத்துக்கும் இது பொருந்தும். வாயைப் பிளந்த நிலையில் ஒருவர், புன்னகையோடு இன்னொருவர். கூட்டம் சேர்வதற்கு முன் எடுத்த காலி நாற்காலிகள். கூட்டத்தின் எண்ணிக்கையை யார் சொன்னது என்று குறிப்பிடாமல் போடவே கூடாது.

இடமும் அளவும்

“அவர்களுக்கு நிறைய, எங்களுக்குக் கொஞ்சம்” என்ற புகாரை நினைவை வைத்துத் தீர்க்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை அளக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். அளந்த பிறகு காலத்தைத் தேர்ந்தெடுத்தால் வேண்டிய விடை கிடைத்துவிடும். அந்தக் காலத்தில் வந்த எல்லாச் செய்திகளும் கணக்கில் வர வேண்டும்: பக்கம், மடிப்புக்கு மேலா கீழா, எத்தனை பத்தி சென்டிமீட்டர் (அச்சுப் பத்தி ஒன்றின் அகலத்தில் எவ்வளவு நீளம்), படம் உண்டா, அந்தக் கட்சியைச் சேர்ந்தவரின் சொற்கள் மேற்கோளாக வந்தனவா. இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிடுவது இன்னும் நல்லது.

ஆனால் சம அளவு என்பது நியாயம் ஆகிவிடாது. ஆட்சியில் இருப்பவர்கள் அதிகம் பேசப்படுவார்கள், ஏனென்றால் முடிவெடுப்பவர்கள் அவர்கள். அரசின் அறிவிப்பையும் ஆளும் கட்சியின் பிரசாரத்தையும் ஒரே கணக்கில் சேர்த்தால் கணக்கு பொய் சொல்லும். ஊழல் வழக்கில் தீர்ப்பு வந்த வாரத்தில் ஒரு கட்சிக்கு எதிரான செய்தி கூடுவது இயல்பு. அதைச் சமன்செய்ய மற்றக் கட்சியில் ஏதாவது தேடிக் கண்டுபிடிப்பதுதான் அநியாயம். ஒத்த நிகழ்வை ஒத்த நிகழ்வோடு ஒப்பிடுங்கள். ஏழாம் பக்கத்துக்குப் போன ஆர்ப்பாட்டம், முதல் பக்கம் முடிந்த பிறகு நடந்ததாக இருக்கலாம். பக்கம் முடித்த நேரத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகு அதைச் சொல்லுங்கள். காரணம் எதுவும் கிடைக்கவில்லையென்றால் ‘அதை முதல் பக்கத்தில் வைத்திருக்கலாம்’ என்று எழுதுவதில் மானம் போய்விடாது.

“இரண்டு பேரும் திட்டுகிறார்களே!”

இரு கட்சிகளும் குறை சொன்னால் நாம் சரியாக நடுவில் நிற்கிறோம் என்று அலுவலகத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1985இல் ராபர்ட் வல்லோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகிய ஆய்வாளர்கள், 1982இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்பும் அது தங்களுக்கு எதிரானது என்றே சொன்னது. நடுநிலையானவர்கள் பார்த்தால் தங்கள் தரப்புக்கு எதிராகத் திரும்பிவிடுவார்கள் என்றும் இருவரும் நினைத்தார்கள்.

புகார் அனுப்புபவர் பெரும்பாலும் நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித் தெரிகிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம். எவ்வளவு ஒழுங்கான செய்திக்கும் இரு பக்கமும் கோபம் வரலாம் என்றால், மோசமான செய்திக்கும் வரலாம். ஆகவே கோபத்தின் எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது என்பது அடுத்தது.

அதனால்தான் ஒரே வாசகம் கொண்ட கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்தாலும் அது ஒரு புகார்தான். ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், எண்ணிக்கைக்காக மிரளவும் வேண்டாம். ஒரு முறை ஒழுங்காக விசாரித்து, அதே பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள். கட்சிப் பிரமுகர் நிர்வாகத்தோடு பேசி, விளம்பரத்தை நிறுத்துவதாகச் சொல்லி, மேலிருந்து கீழே வரும் புகாரும் இதே பதிவேட்டில், இதே வரிசையில் ஏற வேண்டும். யார் மூலம் வந்தது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். அப்படி ஒரு பதிவு இருக்கிறது என்று தெரிந்தாலே சில தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும்.

முடிவும் பதிலும்

திருத்தம், விளக்கம், வருத்தம், மறுப்புக் கடிதத்தை வெளியிடுதல், விடுபட்ட தரப்பைச் சேர்த்துத் தொடர் செய்தி எழுதுதல், நடவடிக்கை தேவையில்லை என முடித்தல். உங்களிடம் இருப்பவை இவைதான். தகவல் தவறென்றால் திருத்தம்தான். அங்கே ‘வாசகர் கடிதம் போடுகிறோம்’ என்று பேரம் பேசக் கூடாது. நம் தவறைச் சுட்டிக்காட்டும் வேலையைப் பாதிக்கப்பட்டவரின் தலையில் கட்டுவது அது.

‘நேற்றைய செய்தியில் சில பிழைகள் நேர்ந்தன, வருந்துகிறோம்’ என்ற திருத்தத்தால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்: “செவ்வாய்க்கிழமை ஏழாம் பக்கத்தில் வெளியான ஆர்ப்பாட்டச் செய்தியில், ஆர்ப்பாட்டக்காரர்கள் கல் வீசியதாகக் குறிப்பிட்டிருந்தோம். கல் வீசியவர்கள் யார் என்பது உறுதிசெய்யப்படவில்லை. இதை மறுத்து அந்தக் கட்சி அளித்த பதிலும் அச்சில் விடுபட்டுவிட்டது. தவறுக்கு வருந்துகிறோம்.” எங்கே, என்ன, சரியானது எது என்ற மூன்றும் வந்துவிட்டன. முதல் பக்கத் தவறுக்கான திருத்தத்தைப் பதினாலாம் பக்கத்தின் மூலையில் போட்டால் இன்னொரு புகார் வரும், அது நியாயமாகவும் இருக்கும். இணையத்தில் சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டுப் போகாதீர்கள். மாற்றிய தேதியையும் மாற்றியது எது என்பதையும் செய்தியின் அடியில் குறியுங்கள்.

புகார்தாரருக்கு எழுதும் கடிதத்தில், ஏற்றுக்கொண்டதை முதலில் சொல்லுங்கள், ஏற்காததைக் காரணத்தோடு அடுத்துச் சொல்லுங்கள். நம் எடுத்துக்காட்டில்: கல்வீச்சு வரி தவறு, மறுப்பு விடுபட்டது தவறு, திருத்தம் இன்ன தேதியில் வருகிறது, பக்கத் தேர்வில் தவறு இல்லை, காரணம் இது. பத்திரிகையின் பாரம்பரியம், விருதுகள், ஐம்பது ஆண்டுச் சேவை எதுவும் அந்தக் கடிதத்தில் வேண்டாம். யார் தவறு செய்தார் என்று பெயர் சொல்லவும் வேண்டாம், அச்சானதற்குப் பொறுப்பு பத்திரிகைதான்.

பதிலில் திருப்தி இல்லையென்றால் அடுத்து எங்கே போகலாம் என்பதையும் எழுதுங்கள். பத்திரிகை மன்றமோ அதுபோன்ற அமைப்போ இருக்கும் நாடுகளில் அது வாசகரின் உரிமை, அதை மறைப்பது அழகல்ல. ஸ்வீடனில் அத்தகைய மன்றம் 1916 முதல் இருக்கிறது. இந்தியாவில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பத்திரிகை மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் விதிக்க முடியாது. இத்தகைய அமைப்புகள் பொதுவாக முதலில் ஆசிரியருக்கு எழுதினீர்களா என்று கேட்கும், கால வரம்பும் வைத்திருக்கும். நீங்கள் பதிலை இழுத்தடித்தால் அவருடைய அவகாசம்தான் கரையும். தேர்தல் நேரத்தில் இது இன்னும் கடுமை. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் வந்த புகாருக்கு அடுத்த வாரம் திருத்தம் போட்டு என்ன பயன்? அந்த நாட்களில் மட்டும் அன்றைய புகாரை அன்றைய பக்கம் முடிவதற்குள் பார்க்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

மாதம் ஒருமுறை பதிவேட்டை எடுத்து ஆசிரியர் குழுவில் வாசியுங்கள். தனித்தனியாக ஒன்றுமில்லை என்று முடித்த ஐந்தாறு புகார்கள் ஒரே நிருபரையோ, ஒரே இரவுப் பணிநேரத்தையோ, ஒரே வினைச்சொல்லையோ சுற்றி நிற்பது அப்போதுதான் கண்ணில் படும்.

சிலர் பதில் கிடைத்த பிறகும் அதே செய்தி பற்றித் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். புதிய தகவல் இருந்தால் மறுபடியும் திறந்து பாருங்கள். இல்லையென்றால், ‘இந்தப் புகார் மீதான எங்கள் முடிவு இதுதான், இனி இதுகுறித்துக் கடிதப் போக்குவரத்து இல்லை’ என்று மரியாதையாக ஒரு முறை எழுதி முடித்துவிடலாம். அவரே வேறொரு செய்தி பற்றி எழுதினால் அது புதிய எண்ணில், புதிய புகாராகப் பதிவாக வேண்டும். பழைய கடிதக் கட்டைக் காட்டி ‘இவர் எப்போதும் இப்படித்தான்’ என்று அதை ஒதுக்கக் கூடாது.